இறுதியாக வெளியேறுபவர் யார்?

கணினியிற் செருகிய பென் ட்ரைவை வேலை முடியுமுன் பிடுங்கிவிட்டால் எழுதி முடியாத கோப்புப் பழுதாகும் என்பதை யாவரும் அறிவர். அதனிலும் பெரியதோர் இடர் கணினியின் நினைவகத்தினுள் மறைந்திருக்கின்றது.

லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் பணிசெயல் முறைமையை எடுத்துக்கொள்வோம். இணைக்கப்படும் ஒவ்வொரு சேமிப்புச் சாதனத்துக்கும் அது நினைவகத்தில் ஒரு பதிவேடு திறக்கின்றது. சாதனத்தைக் கழற்றியவுடன் அப்பதிவேட்டை அழித்தல் ஆகாது. ஏதோவொரு பணி அதனை இன்னும் நோக்கிக்கொண்டிருக்கலாம். அழித்த இடம் வேறொரு தேவைக்குப் போனபின் பழைய பணி அங்கே எழுதினால், பிறர் காணியில் வேலி நாட்டிய கதையாகும்.

இதற்காகவே பதிவேட்டில் ஓர் எண்ணிக்கை வைத்தனர். வருவோர் ஒன்றைக் கூட்டுவர். செல்வோர் ஒன்றைக் கழிப்பர். பூச்சியமாக்கியவரே பதிவேட்டை அழிப்பார். கேட்பதற்கு எளிது. ஆனால், பல பணிகள் ஒரே கணத்தில் நடைபெறும் கணினியில், ஒருவர் 'ஒன்று' எனக் கண்டு கூட்டக் கைநீட்டுமுன் மற்றவர் அதனைப் பூச்சியமாக்கி விடுவார். எனவே, பூச்சியமன்றா எனப் பார்த்தலும் கூட்டுதலும் பிளவுபடாத ஒரே செயலாதல் வேண்டும். பூச்சியமாயின் நுழைவு இல்லை.

இங்கேதான் நுட்பம் இருக்கின்றது. எண்ணிக்கையே பதிவேட்டினுள் அல்லவா உள்ளது? பதிவேடு அழிந்தபின் பூச்சியத்தை எங்கே காண்பது? பூட்டுப் போட்டால் போதாதோ என வினவுவீர்கள். போதும், ஆயினும், வெறுமனே பார்க்க வந்தவரும் வாயிலிற் காத்துநிற்க நேரும். 2002 இல் லினக்ஸ் வேறொரு முறையைச் சேர்த்துக்கொண்டது. முதலிற் பட்டியலிலிருந்து பதிவேட்டின் பெயரை நீக்குவர். புதியோர் அதனைக் காணார். நீக்குமுன் பார்க்கத் தொடங்கியோர் அனைவரும் பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதன்பின்னரே அழிப்பர். மிக அழகிய ஏற்பாடு இதுவென்பேன்.

எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடும். சாவிகளைக் காக்கும் லினக்ஸ் பகுதியொன்றில், கூட்டியவர் கழிக்க மறந்த பிழையொன்று 2016 இல் வெளிப்பட்டது. 429 கோடிக்கு மேற்பட்ட தடவைகள் கூட்டினால் எண்ணிக்கை சுழன்று மீண்டும் பூச்சியமாகும். அவ்வழியாகச் சாதாரணப் பயனர் கணினி முழுவதற்கும் அதிகாரியாகிவிடலாம். 2017 இல் இதற்கெனப் புதுவகை எண்ணிக்கை ஒன்று அமைக்கப்பட்டது. எல்லையை அடைந்தால் அது சுழலாது அங்கேயே நின்றுவிடும். அப்பதிவேடு பின்னர் ஒருபோதும் அழியாது. சிறிது நினைவகம் வீணாகும். அந்த நட்டத்தை அறிந்தே ஏற்றுக்கொண்டனர்.