உங்களுக்குத் தெரியுமா? - தொடைக் கவசத்தில் பிறந்த 'குயிக்ஸாட்டிக்'

வெல்ல வாய்ப்பே இல்லாத ஒருவர் கொள்கைக்காகத் தேர்தலில் நின்றால், ஆங்கில நாளிதழ்கள் அவருடைய முயற்சியை 'குயிக்ஸாட்டிக்' என்று எழுதும். நோக்கம் உயர்ந்தது, வழி நடைமுறைக்கு ஒத்துவராதது. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் இந்தப் பெயரடை பொருந்தும். சுயநலத்துக்காகப் போடும் அசட்டுத் திட்டத்தை இப்படிச் சொல்ல முடியாது. பல கையகராதிகள் 'நடைமுறைக்கு ஒவ்வாத' என்று பாதிப் பொருளை மட்டும் தந்து நின்றுவிடுகின்றன. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் மரியாதை அங்கே விடுபட்டுப் போகிறது.

★

பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்பெயின் எழுத்தாளர் மிகெல் தெ செர்வான்டெஸ் எழுதிய நாவலின் நாயகன் டான் குயிக்ஸாட். முதல் பாகம் 1605-ல் வந்தது, இரண்டாம் பாகம் 1615-ல். லா மாஞ்சா பகுதியின் ஒரு கிராமத்தில் வாழும், ஐம்பது வயதை ஒட்டிய மனிதர் அவர். வீரசாகசக் கதைகளை இரவும் பகலும் படித்துப் படித்து, தாமும் ஒரு வீரர் என்று நம்பி, பழைய கவசத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு எளியோரைக் காக்கப் புறப்படுகிறார். அவருடைய இயற்பெயர் அலோன்சோ கிஹானோ என்பது கதையின் முடிவில்தான் உறுதியாகத் தெரியவருகிறது.

★

தம் குதிரைக்குப் பெயர் தேட அவர் நான்கு நாள் எடுத்துக்கொள்கிறார். தமக்கே பெயர் சூட்டிக்கொள்ள மேலும் எட்டு நாள்! அப்படி யோசித்துப் பிடித்த, ஆங்கிலத்தில் 'குயிக்ஸாட்' ஆன 'கிஹோத்தே' என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு: போர்வீரர்கள் தொடையில் அணியும் இரும்புக் கவசம். 'ஓத்தே' என்ற விகுதியோ ஸ்பானிய மொழியில் அளவுக்கு மீறிய, சற்றே சிரிப்பூட்டும் பொருட்களைக் குறிப்பது. அதே விகுதியில்தான் ஆர்தர் மன்னர் கதைகளின் பெருவீரன் லான்ஸலாட்டின் ஸ்பானியப் பெயரும் முடிகிறது: லான்சரோத்தே. கம்பீரமும் கேலியும் ஒரே பெயரில் அமர்ந்திருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான பெயரை வேறு எந்த நாவலாசிரியரும் தம் நாயகனுக்கு வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

★

இனி உச்சரிப்பு. நாயகனின் பெயரை இன்று ஆங்கிலேயர் பலரும் ஸ்பானிய ஒலியை ஒட்டி 'கீ-ஹோ-டி' என்கிறார்கள். அதிலிருந்து பிறந்த பெயரடையை மட்டும் 'குயிக்-ஸாட்-டிக்' என்கிறார்கள், நடு அசையை அழுத்தி. ஒரே வேர், இரண்டு ஒலிகள். ஏன்?

செர்வான்டெஸ் காலத்தில் ஸ்பானிய 'எக்ஸ்' எழுத்துக்கு 'ஷ' என்ற ஒலி இருந்தது. அவர் தம் நாயகனை ஏறக்குறைய 'கிஷோத்தே' என்றே அழைத்திருப்பார். அந்தக் காலத்திலேயே நகரத் தொடங்கியிருந்த அந்த ஒலி, 17-ஆம் நூற்றாண்டில் தொண்டையிலிருந்து எழும் 'ஹ' ஒலியாக நிலைபெற்றது. 1815-ல் ஸ்பானிய அகாதெமி எழுத்து முறையைத் திருத்தியபோது, இந்த ஒலி வரும் பெரும்பாலான இடங்களில் 'எக்ஸ்' நீங்கி 'ஹோத்தா' என்னும் 'ஜே' எழுத்து வந்தது. இன்றைய ஸ்பானியப் பதிப்புகளின் அட்டையில் 'எக்ஸ்' கிடையாது.

ஆங்கிலேயருக்கோ நாவல் முந்தைய எழுத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தாமஸ் ஷெல்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1612-லேயே வந்துவிட்டது. கண்ணில் பட்ட 'எக்ஸ்' எழுத்தைத் தங்கள் வழக்கப்படி 'க்ஸ்' என்று படித்து, நாயகனையே 'குயிக்ஸட்' ஆக்கினார்கள். பெயரடை உருவான 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் வாயில் இருந்தது அந்த ஒலிதான். பின்னாளில் பெயரின் ஒலி மாறினாலும் பெயரடை மாறவில்லை. எனவே ஸ்பானிய மொழி தெரிந்தவர்கள் 'கிஹோட்டிக்' என்று திருத்த வந்தால் தயங்க வேண்டாம். அகராதிகள் தரும் ஒலி குயிக்ஸாட்டிக்தான்.

★

பழைய 'ஷ' ஒலி அடியோடு மறைந்துவிடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'கிஷோத்' என்கிறார்கள், இத்தாலியர்கள் 'கிஷோத்தே'. நாவல் வெளிவந்த நாட்களின் ஒலி, அண்டை வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

★

ஷெர்ரி என்ற திராட்சை மதுவின் பெயரிலும் அதே ஒலிதான். அது ஹெரெஸ் என்ற ஸ்பானிய ஊரின் மது. ஊர்ப் பெயர் ஒரு காலத்தில் 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கி 'ஷெரெஸ்' என்று ஒலித்தது. ஆங்கிலேயர் அதை 'ஷெர்ரிஸ்' என்று கேட்டு, பன்மை என்று நினைத்து, கடைசி 'ஸ்' ஒலியை நீக்கிவிட்டார்கள்.

★

மெக்சிகோவும் இதே குடும்பம். அந்நிலத்தின் நாஹுவாட்டல் மொழியில் இருந்த 'மெஷிகோ'வை ஸ்பானியர் 'எக்ஸ்' போட்டு எழுதினார்கள். இன்று அந்நாட்டு மக்கள் சொல்வது 'மெஹிகோ'. ஆனால் பழைய எழுத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழில் நாம் எழுதும் 'க்சி' ஆங்கிலத்தின் வழியே வந்து சேர்ந்தது.

★

ஷேக்ஸ்பியருக்கும் இந்த நாவலுக்கும் தொடர்பு உண்டு. ஷெல்டனின் மொழிபெயர்ப்பு வந்த மறு ஆண்டே, 1613-ல், ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு அரசவையில் 'கார்டேனியோ' என்ற நாடகத்தை நடித்தது. கார்டேனியோ இந்த நாவலின் முதல் பாகத்தில் வரும் காதலன். நாடகத்தை ஜான் ஃபிளெட்சரும் ஷேக்ஸ்பியரும் சேர்ந்து எழுதியதாக 1653-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று சொல்கிறது. பிரதி கிடைக்கவில்லை.

★

'குயிக்ஸாட்டிக்' என்ற சொல்லுக்குச் செர்வான்டெஸின் வாழ்க்கையே நல்ல எடுத்துக்காட்டு. 1571-ல் லெபாந்தோ கடற்போரில் குண்டடிபட்டு இடக்கை செயலிழந்தது. 1575-ல் கடற்கொள்ளையரிடம் சிக்கி, ஐந்து ஆண்டுகள் அல்ஜியர்ஸில் அடிமையாகக் கிடந்தார். நான்கு முறை தப்ப முயன்று நான்கு முறையும் பிடிபட்டார். பிடிபட்டபோது உடன் வந்தவர்களைக் காட்டிக்கொடுக்காமல், பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்று சக கைதிகள் பின்னர் சாட்சி சொன்னார்கள். 1580-ல் மீட்புப் பணம் கொடுத்த பிறகுதான் விடுதலை.

★

காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணி ஈட்டியோடு பாயும் காட்சி முதல் பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தில், சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் நாவலைப் படிக்காதவர்களுக்கும் தெரிந்தது அது ஒன்றுதான். இல்லாத எதிரியோடு மோதுவதை 'காற்றாலைகளைத் தாக்குதல்' என்று ஆங்கிலம் சொல்வது இதனால்தான்.

★

ஐரோப்பிய விண்வெளி முகமை ஒரு திட்டத்துக்கு 'தோன் கிஹோத்தே' என்று பெயரிட்டது. 'இதால்கோ' என்ற விண்கலம் ஒரு சிறுகோள்மீது மோத வேண்டும், 'சான்சோ' என்ற விண்கலம் விலகி நின்று கவனிக்க வேண்டும். நாயகன் பாய, தோழன் சான்சோ பான்சா பார்த்துக்கொண்டிருந்த காற்றாலைக் காட்சியேதான். அந்தத் திட்டம் ஏவப்படவே இல்லை. ஆனால் 2022 செப்டம்பரில் நாசாவின் 'டார்ட்' விண்கலம் டைமார்ஃபோஸ் என்ற குட்டிக்கோள்மீது மோதி, அது தன் தாய்ச் சிறுகோளைச் சுற்றிவரும் நேரத்தை அரைமணிக்கும் மேலாகக் குறைத்தது. மோதிய இடத்தை ஆராய ஐரோப்பாவின் 'ஹெரா' 2024 அக்டோபரில் புறப்பட்டது. சான்சோவுக்கு ஒதுக்கியிருந்த வேலை இப்போது ஹெராவிடம்.