உடல் எடைக் குறைப்பு: மரபணுவும் மன உறுதியும்

உடல் பருமன் குறித்து இரண்டு கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. ‘வாயைக் கட்டினால் போதும்’ என்பது ஒன்று. ‘எங்கள் குடும்பத்து உடல்வாகே இப்படித்தான்’ என்பது மற்றொன்று. இரண்டுமே முழு உண்மை அல்ல.

எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவுக்கும் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பு 2007-இல் ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்டது. இதன் குறிப்பிட்ட வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் எடை, பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தது. இவ்வடிவம் பசியை மிகுவிக்கிறது. எனவே, எடை குறையாதவரை மன உறுதியற்றவர் எனப் பழிப்பது தவறு.

எனினும், மரபணுவின் தாக்கத்தைக் குறைக்க இயலும். 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், உடலுழைப்பு உடையவர்களிடம் அத்தாக்கம் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தது.

காலடிப்பேட்டை போன்ற தொழிற்பகுதிகளில் இரவுப் பணியும் உறக்கக் குறைவும் பசியைத் தூண்டக்கூடும். ஆகவே, பட்டினி கிடப்பதைவிட, உணவு, உறக்க நேரங்களை ஒழுங்குபடுத்துவதும் வாரத்திற்கு 150 நிமிடம் விறுவிறுப்பாக நடப்பதும் பயன் தரும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவைக் கடந்தால், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீரடையத் தொடங்கும்.