சிரிக்காத சிரிப்பு நடிகர்: நிஜ ரெயிலையே ஆற்றில் கவிழ்த்தார்!

1926-ம் ஆண்டு, ஜூலை மாதம். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில் உள்ள காட்டேஜ் குரோவ் என்ற ஊரின் அருகே ஆற்றங்கரையில் ஏகப்பட்ட கூட்டம்.

ஆற்றின் மேல் மரப்பாலம் தீப்பற்றி எரிகிறது. அதன் மீது ஒரு ரெயில் என்ஜின் ஏறியது. நடுவில் வந்ததும் பாலம் மடமடவென்று முறிந்தது. என்ஜின் பாலத்தோடு ஆற்றில் சரிந்தது!

விபத்து அல்ல, சினிமா ஷூட்டிங்! என்ஜினில் இருந்த டிரைவர் வெறும் பொம்மை.

படத்தின் பெயர் "தி ஜெனரல்". ஊமைப்படம். கதாநாயகன் பஸ்டர் கீட்டன். கிளைட் பிரக்மேனுடன் சேர்ந்து டைரக்ட் செய்தவரும் அவரேதான்.

விளையாட்டு ரெயிலை வைத்தே எடுத்திருக்கலாம். கீட்டனுக்கு அது பிடிக்காது. அந்த ஒரு காட்சிக்கு மட்டும் 42 ஆயிரம் டாலர் செலவானதாகச் சொல்வார்கள். அடேயப்பா!

டூப் கிடையாது

1862-ல், உள்நாட்டுப் போரின்போது நிஜமாகவே நடந்த ரெயில் கடத்தல்தான் கதை. என்ஜின் டிரைவர் ஜானி, தன் என்ஜினைத் திருடியவர்களை இன்னொரு என்ஜினில் விரட்டுகிறான்.

ஒரு காட்சி. ஓடும் என்ஜினின் முன்பக்கத்தில் கீட்டன் உட்கார்ந்திருக்கிறார். கையில் கனமான ஸ்லீப்பர் கட்டை. எதிரே தண்டவாளத்தில் இன்னொரு கட்டை கிடக்கிறது. மோதினால் ஆள் காலி! கையில் உள்ள கட்டையை அதன் நுனியில் ஓங்கிப் போடுகிறார். இரண்டும் துள்ளி ஓரமாய் விழுகின்றன. முகத்தில் சிரிப்பு? ஊஹூம்!

இதையெல்லாம் அவர் வெட்டி வெட்டி ஒட்டமாட்டார். ஆளும் ரெயிலும் ஒன்றாகத் தெரியும்படி கேமராவை வைத்து, ஒரே ஓட்டமாக எடுப்பார். வெட்டினால் 'ஏதோ தில்லுமுல்லு' என்று ஜனங்கள் நினைப்பார்கள், சிரிப்பு போய்விடும் என்பது அவர் கணக்கு.

1924-ல் "ஷெர்லக் ஜூனியர்" படத்தில், ரெயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய தண்ணீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியது. தலைவலியோடு நடித்து முடித்தார். கழுத்து எலும்பு முறிந்திருந்தது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது!

படுத்தது படம்

இவ்வளவு பாடுபட்டும், 1927-ல் அமெரிக்காவில் வெளியான "தி ஜெனரல்" ஓடவில்லை. பத்திரிகைகளும் பிடித்து உலுக்கின.

1928-ல் கீட்டன் எம்.ஜி.எம். கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அதன்பிறகு எதற்கும் கம்பெனியைக் கேட்க வேண்டியதாயிற்று. வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான் என்று பிற்காலத்தில் வருந்தினார்.

1966-ல் கீட்டன் இறந்தார். 1989-ல், பாதுகாக்க வேண்டிய அமெரிக்கப் படங்களின் முதல் பட்டியலில் "தி ஜெனரல்" இடம் பெற்றது.

ஆற்றில் விழுந்த என்ஜின்? பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள்.