அமானுஷ்யக் காதல் கதைகளில் யாருக்கு இடம்?

பதின்பருவத்தினருக்கான அமானுஷ்யக் காதல் கதை, மனிதப் பிறவி ஒருவருக்கும் மனித எல்லைக்கு அப்பாற்பட்ட ஒருவருக்கும் இடையே முளைக்கும் காதலைச் சொல்கிறது. அந்த மற்றவர் ரத்தக்காட்டேரியாக இருக்கலாம்; ஓநாய் மனிதனாக, ஆவியாக, மறுவுலகத்து அரசனாகவும் இருக்கலாம். அமெரிக்கப் பதிப்புலகில் இவ்வகை 1990களில் உருத்திரண்டு, 2005க்குப் பின் பெருவணிகமாக வளர்ந்தது. குழந்தை நூல்களில் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கை அதே நாட்டில் அதற்கும் வெகு முன்பே எழுந்தது. இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனிப் பாதையில் நடந்தன. அழுத்தமாக ஒன்றுசேர்ந்தது 2010களில்தான். அந்தச் சேர்க்கை முக்கியமானது. யார் காதலிக்கப்படத் தகுந்தவர், யாருக்காக உலகமே ஆபத்தை எதிர்கொள்ளலாம் என்பதைக் காதல் கதை இளம் வாசகர் மனத்தில் ஓசையின்றிப் பதித்துவிடுகிறது.

கணக்கெடுப்பில் தொடங்கிய விவாதம்

வாசிப்புக் கல்வி வல்லுநர் நான்சி லாரிக் 1965 செப்டம்பரில் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான 5,206 குழந்தை நூல்களை அவர் கணக்கில் எடுத்திருந்தார். கதையிலோ படத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே, அதாவது 6.7 சதவீதம். அவற்றிலும் பாதிக்கு மேற்பட்டவை வெளிநாட்டிலோ இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட காலத்திலோ நடப்பவை. சமகால அமெரிக்காவில் பள்ளிக்குப் போகும் ஒரு கறுப்பினக் குழந்தைக்குத் தன் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் அநேகமாக இல்லை.

விதிவிலக்குகள் இருந்தன. எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ 1962இல் வெளிவந்தது. பனியில் விளையாடும் கறுப்பினச் சிறுவன் பீட்டரின் அந்தப் படக்கதைக்கு அடுத்த ஆண்டே, படநூல் ஓவியத்துக்கான கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. சிறந்த குழந்தை நூலுக்கான நியூபெரி பதக்கத்தை, கல்கத்தா அருகே பிறந்த தன கோபால் முகர்ஜி 1928இல் பெற்றார். ஆனால் 1922 முதல் வழங்கப்பட்டுவரும் அப்பதக்கம் கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்குக் கிடைக்க 1975 வரை காலமானது. அதைப் பெற்றவர் வர்ஜீனியா ஹாமில்டன்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் 1985இல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. அவ்வாண்டு வெளியான சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை அல்லது படம் வரைந்தவை 18. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 2013க்கான கணக்கில் 3,200 நூல்களுள் கறுப்பின மக்களைப் பற்றியவை 93. இந்த எண்ணை முன்வைத்து மூத்த எழுத்தாளர் வால்டர் டீன் மையர்ஸ் 2014 மார்ச்சில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் எழுதிய கட்டுரை பெரும் அதிர்வை உண்டாக்கியது. அவ்வாண்டே நியூயார்க்கில் ஒரு புத்தக விழாவின் குழந்தை இலக்கிய அமர்வுக்கு வெள்ளை ஆண் எழுத்தாளர்கள் மட்டும் அழைக்கப்பட்டனர். அதற்கு எழுந்த எதிர்ப்பில் பிறந்ததுதான் ‘வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்’ இயக்கம். அதற்கு வித்திட்டவர்களில் எலன் ஓ, மலிண்டா லோ ஆகிய இருவரும் இளையோருக்கு மாயக்கதை எழுதுபவர்கள்.

கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரை இந்த இயக்கத்தின் கருத்தடிப்படையாக அமைந்தது. ஒரு நூல் வாசகருக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறர் வாழ்வைக் காட்டும் ஜன்னலாகவும், அதற்குள் நுழையவிடும் கதவாகவும் இருக்க முடியும் என்றார் அவர். கண்ணாடியே கிடைக்காத பிள்ளை தன்னைத் தாழ்வாக எண்ணும். கண்ணாடியை மட்டுமே கண்ட பிள்ளை தன்னை உலகின் நடுவே வைத்துக்கொள்ளும். ஆகவே பன்முகத்தன்மை இருவருக்கும் தேவை என்பது அவர் வாதம்.

ஃபோர்க்ஸ் நகரமும் குவில்யூட் மக்களும்

இளையோருக்கான அமானுஷ்யக் காதலின் முன்னோடிகளாக ஆனெட் கர்ட்டிஸ் க்ளாஸின் ‘தி சில்வர் கிஸ்’ (1990), எல். ஜே. ஸ்மித்தின் ‘தி வேம்பயர் டயரீஸ்’ (1991) ஆகியவற்றைச் சொல்லலாம். அலையைப் பேரலையாக்கியது ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005). வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு வரும் பெல்லா, அங்கே எட்வர்டு என்ற ரத்தக்காட்டேரி இளைஞனைக் காதலிக்கிறாள். வரிசையின் நான்காம் நூல் 2008 ஆகஸ்டில் வெளியான முதல் நாளிலேயே அமெரிக்காவில் 13 லட்சம் பிரதிகள் விற்றது. உலகெங்கும் இந்நூல்கள் 16 கோடிப் பிரதிகளைக் கடந்தன.

பெல்லாவின் மனத்துக்குப் போட்டியிடும் இன்னொருவன் ஜேக்கப். அவன் குவில்யூட் என்ற பழங்குடியைச் சேர்ந்தவன், ஓநாயாக உருமாறுபவன். குவில்யூட் மக்கள் கற்பனை அல்ல. ஃபோர்க்ஸுக்கு அருகே, லா புஷ் கடற்கரையில் சுமார் ஒரு சதுர மைல் நிலத்தில் வாழும் உண்மையான மக்கள். ஓநாய்களிலிருந்து தங்கள் முன்னோர் உருவாக்கப்பட்டனர் என்பது அவர்களுடைய தோற்றக்கதை. அதில் ரத்தக்காட்டேரி கிடையாது. முழுநிலவுக்கால ஐரோப்பிய ஓநாய் மனிதனும் கிடையாது. அவர்களைக் கலந்தாலோசிக்காமல் எழுதப்பட்ட கதையிலிருந்து நகைகளும் ஆடைகளும் சுற்றுலாவும் பெருகின. பெரும் வருமானம் வேறு இடங்களுக்குப் போனது. சுனாமி அபாயமுள்ள தாழ்நிலத்திலிருந்து மேட்டுக்குக் குடிபெயர இடம் கிடைக்காமல் அவர்கள் பல்லாண்டு போராடினர். அதற்கான நிலத்தை ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து மாற்றித் தரும் சட்டம் 2012இல்தான் நிறைவேறியது.

அன்றைய அமானுஷ்யக் காதலின் பொது வடிவத்தை இந்த உதாரணம் காட்டுகிறது. நூறாண்டு வயதான, ரத்தம் குடிக்கும் உயிரினம் காதல் நாயகனாக முடிந்தது; வேற்றினத்து மனிதருக்குத் துணைப் பாத்திரமே கிடைத்தது. 2009இல் தொலைக்காட்சித் தொடரான ‘தி வேம்பயர் டயரீஸ்’ கதையில் சூனிய ஆற்றல் பெற்ற கறுப்பினப் பெண் போனி, பெரும்பாலும் வெள்ளைத் தோழியைக் காப்பாற்றவே தன் சக்தியைச் செலவிடுகிறாள். ஆய்வாளர் எபனி எலிசபெத் தாமஸ் 2019இல் வெளியிட்ட ‘தி டார்க் ஃபென்டாஸ்டிக்’ நூலில் இத்தகைய பாத்திரங்களை விரிவாக ஆராய்ந்தார். மாயக்கதைகள் கறுப்பினப் பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப ஓரங்கட்டுவதை அவர் எடுத்துக்காட்டினார்.

கறுப்பினப் பெண்ணே நாயகியாக இருந்தாலும் அட்டை அவளை மறைத்தது. ஜஸ்டின் லார்பலெஸ்டியரின் ‘லையர்’ (2009) நாவலின் நாயகி மைக்கா கறுப்பினக் கலப்பில் பிறந்தவள். அமெரிக்கப் பதிப்புக்குத் தயாரான அட்டையிலோ நீண்ட கூந்தல் கொண்ட வெள்ளைப் பெண் இருந்தாள். கண்டனம் வலுத்ததால் நூல் வெளிவரும் முன்பே அட்டை மாற்றப்பட்டது.

தத்தம் மரபின் ஆவிகள்

2010களின் நடுவிலிருந்து காட்சி மாறியது. டானியல் ஹோசே ஓல்டரின் ‘ஷேடோஷேப்பர்’ (2015) நாவலில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழும் புவர்ட்டோ ரிக்கோ வம்சத்துப் பெண் சியெரா, சுவரோவியங்களுக்குள் முன்னோரின் ஆவிகளை இறக்கும் கலையைப் பாட்டனின் மரபிலிருந்து கற்கிறாள். டோமி அடேயெமியின் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ (2018) மேற்கு ஆப்பிரிக்க யோருபா மக்களின் தெய்வ மரபின்மேல் எழுப்பப்பட்டது.

ரோஷனி சோக்ஷியின் ‘தி ஸ்டார்-டச்டு க்வீன்’ (2016) இந்திய வாசகருக்கு நெருக்கமானது. நாயகி மாயாவதியின் ஜாதகத்தில் மரணத்தோடு திருமணம் என்று இருக்கிறது. ஊரார் அவளை ஒதுக்குகின்றனர். பிறகு அமர் என்ற மர்ம அரசனை மணந்து மறுவுலகுக்குள் போகிறாள். ஜாதக தோஷம் என்ற சொல்லால் வாழ்வு முடக்கப்படும் பெண்களை அறிந்த சமூகத்துக்கு இந்த மாயக்கதையின் வலி புதிதல்ல.

ஐடன் தாமஸின் ‘செமட்ரி பாய்ஸ்’ (2020) லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில், மெக்ஸிகோ மரபான ‘மரித்தோர் தினத்தை’ ஒட்டி நடக்கிறது. ஆவிகளை மறுமைக்கு அனுப்பிவைக்கும் குடும்பத்தில் பிறந்த யாட்ரியல் ஒரு திருநம்பி. ஆண்களுக்குரிய சடங்கைச் செய்யக் குடும்பம் அவனை விடவில்லை; அவனே செய்து முடிக்கிறான். பிறகு, இறந்துபோன உறவினனின் ஆவியை அழைக்க முயலும்போது பள்ளித்தோழன் ஹூலியனின் ஆவி வந்து நிற்கிறது. அங்கே காதல் தொடங்குகிறது.

ட்ரேசி டியானின் ‘லெஜண்ட்பார்ன்’ (2020) இன்னும் துணிச்சலானது. தாயை இழந்த பதினாறு வயதுக் கறுப்பினப் பெண் ப்ரீ, வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் மன்னனின் வட்டமேசை வீரர் வம்சத்தவரின் ரகசியச் சபையைக் கண்டுபிடிக்கிறாள். ஐரோப்பிய வம்சப்பெருமை பேசும் அச்சபைக்கு எதிரே, கறுப்பினப் பெண்கள் முன்னோரிடமிருந்து இரவலாகப் பெறும் வேர்வித்தை இருக்கிறது. அடிமைகளின் உழைப்பால் எழுந்த கட்டடங்கள் நிற்கும் வளாகத்திலேயே காதலும் துக்கமும் வீரமும் நடக்கின்றன. இந்நாவல் 2021இல் கொரெட்டா ஸ்காட் கிங் – ஜான் ஸ்டெப்டோ புதுத் திறமை விருதைப் பெற்றது.

இந்நூல்களில் ஆவிகள் பயமுறுத்த வருவதில்லை. பெரும்பாலும் பாட்டன் பாட்டிகளாகவே வருகின்றன. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு ஏடுகளிலிருந்து அழிக்கப்படும்போது, இறந்தோர் பேசுவது அந்த வரலாற்றை மீட்கும் வழியாகிறது. முன்பு கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நூல்களில் பெரும்பகுதி அடிமைமுறையையும் உரிமைப் போராட்டத்தையும் பற்றியவை. அவை அவசியமானவை. ஆனால் துன்பத்தை மட்டுமே படித்து வளரும் பிள்ளைக்கு ஆனந்தமும் மாயமும் முதற்காதலும் தனக்கும் உரியவை என்ற நிச்சயம் வேண்டும்.

தீராத கேள்விகள்

ஒரு சமூகத்தின் கதையை யார் எழுதலாம் என்ற விவாதம் தொடர்கிறது. அச்சமூகத்தவரே எழுதிய நூல்களை அடையாளம் காட்ட, கொரின் டைவிஸ் 2015இல் ‘ஓன் வாய்ஸஸ்’ என்ற குறிச்சொல்லை முன்வைத்தார். நாளடைவில் அது விற்பனை முத்திரையாக மாறியது. தம் அந்தரங்க அடையாளத்தை வெளியிடுமாறு எழுத்தாளர்கள் நெருக்கப்பட்டனர். 2021இல் ‘வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்’ அமைப்பே அச்சொல்லைக் கைவிட்டது.

எண்ணிக்கையும் எளிதில் சமன்படவில்லை. விஸ்கான்சின் மையத்தின் 2018க்கான கணக்கில் வெள்ளையினப் பாத்திரங்கள் 50 சதவீதம், விலங்கு முதலியவை 27 சதவீதம். கறுப்பினத்தவர் 10, ஆசிய வம்சத்தவர் 7, லத்தீன் அமெரிக்க வம்சத்தவர் 5, அமெரிக்கப் பழங்குடியினர் 1 சதவீதம் மட்டுமே.

அச்சான நூல்களுக்கும் தடை வருகிறது. 2021–22 கல்வியாண்டில் அமெரிக்கப் பள்ளிகளில் 1,648 நூல்கள் நீக்கப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்ததாக ‘பென் அமெரிக்கா’ அமைப்பு பதிவு செய்தது. அவற்றில் 40 சதவீதத்தில் வெள்ளையரல்லாதோர் முக்கியப் பாத்திரங்கள். 41 சதவீதம் பால்புதுமையரைப் பற்றிப் பேசியவை. விலை கொடுத்து வாங்க இயலாத பிள்ளைக்குப் பள்ளி நூலகமே புத்தகக் கடை. அங்கிருந்து நூல் எடுக்கப்படும்போது, தன்னைப் போன்ற ஒருவரைக் கதையின் நாயகியாகவோ நாயகனாகவோ காணும் வாய்ப்பை முதலில் இழப்பவர் அந்தப் பிள்ளைதான்.