கவலையின் கயிறும் உருளையும்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் வயல்களை வளப்படுத்துகின்றன. வாய்க்கால் நீர் எட்டாத மேட்டு நிலங்களுக்குக் கிணறே துணை. மின்பொறிகள் வருவதற்குமுன் கிணற்று நீரை மேலே கொணர்ந்தது கவலை. தென்மாவட்டங்களில் இதனைக் கமலை என்பர்.

இரு கயிறுகள்

கிணற்றின் விளிம்பில் நட்ட கால்களுக்கிடையே, உயரத்தில், பள்ளமுள்ள உருளை ஒன்று சுழலும். அதன்மேல் செல்லும் தடித்த வடம், நீர் மொள்ளும் சாலைத் தூக்கும். சாலின் அடியில் தோலாலான நீண்ட வால் இணைந்திருக்கும். வாலின் முனையைப் பிடித்திருக்கும் வால்கயிறு, விளிம்பிலுள்ள தாழ்ந்த உருளையின்மேல் செல்லும். இரண்டும் எருதுகளின் நுகத்தடியில் பிணைக்கப்படும்.

எருதுகள் சரிவில் இறங்க, சால் மேலேறும். வால் மேல்நோக்கி மடிந்தே வருவதால் நீர் சிந்தாது. விளிம்பை அடைந்ததும் வால்கயிறு வாலை வெளிப்புறம் இழுக்க, நீர் தொட்டியில் கொட்டும். ஆகவே, இரு கயிறுகளின் நீளமும் பொருந்தியிருத்தல் வேண்டும். வால்கயிறு தளர்ந்தால் வாலின் வாய் தாழ்ந்து, நீர் மீண்டும் கிணற்றிலேயே ஒழுகிவிடும்.

தேய்மானமும் பேணுதலும்

நிலையான உருளை விசையைக் குறைப்பதில்லை. அதன் திசையை மட்டுமே மாற்றுகிறது. எனவே, சாலின் முழு எடையையும் வடமே தாங்குகிறது. உருளையின் அச்சோ, அவ்வெடையோடு எருதுகளின் இழுவிசையையும் சேர்த்துத் தாங்குகிறது. அச்சில் எண்ணெய் வற்றினால் உருளை சுழலாது நிற்கும். வடம் அதன்மேல் உராய்ந்து புரிகள் அறும். பள்ளம் ஒருபுறம் தேய்ந்தால் வடம் வழுவிச் சிக்கிக்கொள்ளும். வெளியே நலமாகத் தோன்றும் வடத்தின் உள்நார் நைந்திருக்கவும் கூடும். புரிகளை விலக்கிப் பார்த்தே அதனை அறியலாம்.

இச்சோதனை உயிர்காப்பாகும். எருதுகள் இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின்மேல் அமர்ந்து தம் எடையையும் துணையாக்குவதுண்டு. அந்நேரத்தில் வடம் அறுந்தால் எருதுகள் நிலைகுலையும். அவரும் கீழே விழுவார்.

கடலோடிகளின் வழி

பாய்மரக் கலத்திலும் இவ்வமைப்பே உள்ளது. பாயை உயர்த்தும் கயிறு, மரத்தின் உச்சியிலுள்ள உருளையின்மேல் செல்கிறது. ஒரே பகுதி தொடர்ந்து தேயாதிருக்கக் கடலோடிகள் கயிற்றைத் தலைமாற்றிக் கட்டுவர். மாற்றும்போது பழைய கயிற்றின் முனையோடு புதியதன் முனையைத் தைத்து இழுப்பர். பழையது வெளியேற, புதியது உருளைமேல் வந்தமரும். எவரும் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், கொங்குநாட்டில் மின்பொறிகள் பெருகின. கவலைகள் படிப்படியாக ஓய்ந்தன. எனினும், இன்றைய மின்தூக்கியின் எஃகு வடத்திலும் அறுந்த இழைகளை எண்ணியே அதனை மாற்றும் காலத்தை முடிவு செய்கின்றனர்.