நிறைந்த சிலிண்டரும் தளர்ந்த சுவாலையும்

நோன்பு மாதத்தில் எமது சமையலறைகள் மிகவும் பரபரப்பாக இருப்பது அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்திலாகும். ஓர் அடுப்பில் கஞ்சி கொதிக்கும். மற்றதில் சமோசாவும் ரோல்ஸும் பொரியும். பெருநாளுக்குக் கேக் ஓடர் எடுக்கும் வீடாயின் ஓவனும் எரிந்துகொண்டிருக்கும். இந்த நேரத்தில்தான் பல வீடுகளில் சுவாலை திடீரெனச் சிறுத்துப் போகிறது. சிலிண்டரைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். அதன் வெளிப்புறம் வியர்த்திருக்கும். "கேஸ் முடிந்துவிட்டது" என்று சொல்லி அதைக் கழற்றிக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மையில் அதற்குள் இன்னும் கிலோக்கணக்கில் எரிவாயு இருக்கக்கூடும். 2022 ஆம் ஆண்டில் ஒரு சிலிண்டருக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற மக்கள் நாம். மீதமுள்ள எரிவாயுவைத் திருப்பிக் கொடுப்பது பெரும் வீண்விரயமாகும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், நாம் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதுதான். "சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்கிறோம். "அது ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்பதில்லை. ஒரே சிலிண்டரில் பல சாதனங்களை இணைக்கும் வீட்டுக்கு இரண்டாவது கேள்வியே முக்கியமானது.

தேவையைக் கணக்கிடுவோம்

ஒரு கிலோகிராம் சமையல் எரிவாயு முழுமையாக எரியும்போது ஏறத்தாழ 46 மெகாயூல் வெப்பம் கிடைக்கிறது. அதாவது, மணித்தியாலத்துக்கு ஒரு கிலோகிராம் வீதம் எரித்தால் கிடைக்கும் வலு ஏறத்தாழ 13 கிலோவாட் ஆகும். ஒரு சாதனத்தின் வலுவை 13 ஆல் வகுத்தால் அது மணிக்கு எத்தனை கிலோகிராம் கேட்கிறது என்பது தெரிந்துவிடும். வலுவின் அளவு சாதனத்தின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். குக்கரின் ஒரு பர்னர் 3 கிலோவாட் எனக் கொண்டால் இரண்டுக்கும் 6 கிலோவாட். இது மணிக்கு 0.46 கிலோகிராம். ஓவன் 3 கிலோவாட் எனின் 0.23 கிலோகிராம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 0.7 கிலோகிராம்.

இனி மலைநாட்டு வீடுகளுக்கு வருவோம். நுவரெலியா போன்ற இடங்களில் குளிப்பதற்குக் கேஸ் கீசர் பொருத்துகிறார்கள். நிமிடத்துக்கு 6 லீற்றர் தண்ணீரை 15 பாகை செல்சியஸிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த வேண்டுமென்றால், நீரின் தன்வெப்பக் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும்போது 10 கிலோவாட்டுக்குச் சற்று அதிகமாக வருகிறது. வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 12 கிலோவாட். அதாவது, கீசர் ஒன்று மட்டும் இரண்டு பர்னர் குக்கரைப் போல இரு மடங்கு எரிவாயுவைக் கேட்கிறது! மூன்றும் ஒரே நேரத்தில் எரிந்தால் மொத்தம் 21 கிலோவாட், மணிக்கு 1.6 கிலோகிராம்.

சிலிண்டரால் எவ்வளவு கொடுக்க முடியும்?

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அந்தத் திரவம் ஆவியாக மாறித்தான் குழாய்க்குள் வருகிறது. ஆவியாவதற்கு மறைவெப்பம் தேவை என்பது நாம் சாதாரண தரத்திலேயே படித்த விடயம். இங்கு ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 380 கிலோயூல் வேண்டும். அந்த வெப்பத்தைத் திரவம் முதலில் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சிலிண்டர் குளிர்கிறது. பின்னர் சுற்றியுள்ள வளியிலிருந்து, சிலிண்டரின் சுவர் ஊடாக வெப்பம் உள்ளே வருகிறது.

பாதி நிறைந்த 12.5 கிலோகிராம் சிலிண்டரில் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரின் பரப்பு சதுர மீற்றரில் மூன்றிலொரு பங்கு அளவுதான். சமையலறையின் வெப்பநிலை 30 பாகையாகவும் சிலிண்டர் 10 பாகை வரை குளிர்ந்தும் இருந்தால், அந்தப் பரப்பினூடாக வரும் வெப்பம் ஏறத்தாழ 60 முதல் 70 வாட். அதைக் கொண்டு மணிக்கு 0.6 கிலோகிராம் அளவே தொடர்ந்து ஆவியாக முடியும். இது அண்ணளவான கணக்கு; எனினும் நிலைமையை விளக்கப் போதுமானது. குக்கர் மட்டும் எரிந்தால் சிலிண்டர் சமாளிக்கும். ஓவனும் சேர்ந்து மணிக்கணக்கில் எரிந்தால் தடுமாறும். கீசரும் சேர்ந்தால் அதன் சக்திக்கு மிஞ்சிய வேலை.

புதிய சிலிண்டரில் இந்தப் பிரச்சினை தெரிவதில்லை. நிறையத் திரவம் இருப்பதால் அதுவே ஒரு வெப்பக் களஞ்சியமாக இருக்கிறது. சுவரின் பரப்பும் அதிகம். திரவம் குறையக் குறைய இரண்டும் குறைகின்றன. அத்துடன் புரொப்பேன் முதலில் அதிகமாக வெளியேறுவதால் இறுதியில் எஞ்சுவது பியூட்டேன் கூடிய கலவையாகும். பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ 0 பாகை என்பதால், குளிர்ந்த நிலையில் அதன் அமுக்கம் மிகவும் குறைவு. குளிர் இரவில் மலைநாட்டு வீட்டின் சுவாலை ஏன் சோர்ந்து போகிறது என்பது இப்போது விளங்கும்.

ஆகவே சுவாலை சிறுத்தால் உடனே சிலிண்டரை மாற்ற வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்து ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். சுவாலை மீண்டும் உயர்ந்தால் உள்ளே எரிவாயு இருக்கிறது. சிலிண்டரை நிறுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழித்தால் மீதி தெரியும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சிலர் சிலிண்டரின் மேல் கொதிநீர் ஊற்றுகிறார்கள். சிலர் அதைப் படுக்க வைக்கிறார்கள். இரண்டும் ஆபத்தானவை. படுக்க வைத்த சிலிண்டரிலிருந்து திரவமே ரெகுலேட்டருக்குள் பாயலாம். திரவம் ஆவியாகும்போது 200 மடங்குக்கும் மேல் விரிவடையும். அடுப்பில் அது பெருந்தீயாக முடியும்.

ரெகுலேட்டரும் குழாயும்

சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியில்தான் இருக்கிறது. ரெகுலேட்டர் சிலிண்டரின் உயர்ந்த அமுக்கத்தை ஏறத்தாழ 30 மில்லிபாருக்குக் குறைத்துத் தருகிறது. இது 30 சென்ரிமீற்றர் உயர நீர் நிரலின் அமுக்கம் மட்டுமே. மணிக்கு எத்தனை கிலோகிராம் அதனூடாகச் செல்லலாம் என்பது ரெகுலேட்டரின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் எமது மொத்தத் தேவையை விடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

குழாயும் அப்படியே. விட்டம் பாதியானால், அதே அளவு வாயுவைச் செலுத்தக் குறைந்தது 16 மடங்கு அமுக்க வேறுபாடு தேவைப்படும். இருப்பதே 30 மில்லிபார் என்றால், மெல்லிய நீண்ட குழாயில் இழப்பதற்கு எம்மிடம் எதுவும் இல்லை. ஒரு குழாயில் இடையில் துண்டு வைத்து இரண்டு, மூன்று சாதனங்களுக்குப் பிரிப்பதும் கூடாது. ஒவ்வோர் இணைப்பும் ஒரு கசிவுக்கான வாசலாகும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளின்போது கலவையின் விகிதமும் கசிவுகளும் எல்லோருடைய பேச்சிலும் இருந்தன. கலவை எமது கையில் இல்லை. இணைப்புகளைச் சவர்க்கார நுரை பூசிச் சோதிப்பது எமது கையில் இருக்கிறது.

காற்றையும் கணக்கில் சேர்ப்போம்

ஒரு கிலோகிராம் எரிவாயு எரிய ஏறத்தாழ 13 கன மீற்றர் வளி தேவை. பல வீடுகளில் குளியலறையின் முழுக் கொள்ளளவு 8 கன மீற்றர்கூட இல்லை. கதவை அடைத்த குளியலறைக்குள் கீசர் எரிந்தால் சில நிமிடங்களிலேயே ஒட்சிசன் குறையும். எரிதல் குறைபட்டுக் காபனோரொட்சைட்டு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கி விழும்வரை எதுவும் தெரியாமலும் போகலாம். ஆகவே கீசர் வெளிச்சுவரில் இருக்க வேண்டும். அல்லது அதன் புகை குழாய் மூலம் வெளியே செல்ல வேண்டும். கசியும் எரிவாயு வளியை விடப் பாரமானது என்பதால் தரையோடுதான் தங்கும். சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரை மட்டத்திலும் காற்றுத் துவாரம் அவசியம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சாதனங்களின் கிலோவாட் அளவுகளைக் கூட்டி 13 ஆல் வகுத்து எழுதி வைக்கவும். ஒரே நேரத்தில் எரிபவற்றை மட்டும் கூட்டினால் போதும்.

2. அந்த எண் 0.5 ஐத் தாண்டி, மணிக்கணக்கில் எரிக்கும் தேவையும் இருந்தால், ஓவனுக்குத் தனிச் சிலிண்டரும் தனி ரெகுலேட்டரும் வைக்கவும்.

3. கீசருக்கு எப்போதும் வீட்டுக்கு வெளியே நிழலில் தனிச் சிலிண்டர் வேண்டும். இரண்டு சிலிண்டர்களை ஒன்றாக இணைப்பதாயின் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

4. ரெகுலேட்டரின் எண்ணையும் குழாயின் காலாவதித் திகதியையும் பார்த்து வைக்கவும்.

வீட்டிலிருந்தே கேக் சுட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் உம்மாமார் எமது ஊர்களில் பலர் உள்ளனர். அவர்களுக்கு ஒரு சிலிண்டர் என்பது ஒரு மாத வருமானத்தின் அடித்தளம். பெரிய ஓவன் ஒன்றை வாங்க நினைக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், அதன் பின்புறத் தகட்டில் உள்ள எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைச் செய்து கொடுப்பது, பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளான எமக்கு ஐந்து நிமிட வேலை.