நிழல் புத்தகத்துக்கு, வெளிச்சம் வாசகருக்கு

புறநகர்க் கட்டடங்கள் – 11

சென்ற வாரம் வகுப்பறையில் இருந்தோம். இந்த வாரம் நூலகத்துக்குள் நுழைவோம்.

தாம்பரத்தின் கல்லூரிக் கதை தண்டவாளத்தில் தொடங்குகிறது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937 ஜனவரியில், அதுவரை எஸ்பிளனேடில் இருந்த சென்னை கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்த வளாகத்தை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். கல்லூரியை நெடுங்காலம் நடத்திய வில்லியம் மில்லரின் பெயரை அதன் நூலகம் தாங்கி நிற்கிறது.

எஸ்பிளனேடு நாட்களில் இதே கல்லூரியில் கணிதம் படித்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். கட்டடம் கட்டுகிறவர்கள் அந்த ஐந்து விதிகளைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை விளக்கும்போது நூலகத்தின் இடம், திறந்திருக்கும் நேரம், அறைகலன் எல்லாவற்றையும் அவர் பேசுகிறார். தரையில் நின்றபடியே கைக்கு எட்டும் உயரத்தில்தான் அலமாரி இருக்க வேண்டும் என்கிறார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் நான்காம் விதியை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: வளாகத்தின் கடைக்கோடியில் நூலகம் கட்ட மனம் வராது. வாசலிலிருந்து வகுப்புக்குப் போகும் வழியிலேயே அது அமைந்துவிடும்.

இனி, நம் பகுதியின் வெயில். தாம்பரம் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வடக்கு, தெற்கு ஜன்னல்களில் விழும் உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் சாய்ந்து நுழையும் வெயில் அதற்கு அடங்காது. ஆகவே கட்டடம் கிழக்கு மேற்காக நீள வேண்டும்; குறுகிய மேற்குப் பக்கத்தை மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் கொடுத்துவிடலாம். தெற்கு ஜன்னல்கள் பிற்பகல் கடற்காற்றையும் வாங்கிக்கொள்ளும். ஜி.எஸ்.டி. சாலையைப் பார்க்கிறது என்பதற்காக முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்தால், காலையிலோ மாலையிலோ உள்ளே வெயில் கொட்டும். சூட்டைத் தணிக்க ஏ.சி., கண்கூச்சத்துக்குத் திரை, திரை போட்டதால் பட்டப்பகலில் விளக்கு என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

வெயில் பட்டால் காகிதம் மஞ்சளித்து நொறுங்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் வாசகரால் படிக்க முடியாது. இந்தச் சிக்கலுக்கு லூயி கான் அமெரிக்காவின் எக்ஸெட்டர் பள்ளி நூலகத்தில் ஒரு தெளிவான விடை தந்தார். 1971-இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் புத்தக அடுக்குகள் உள்ளே, நிழலில். படிக்கும் மேசைகள் வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னலோரம். நம் ஊரில் அதற்கும் வெளியே ஒரு வராந்தாவைச் சேர்த்துக்கொண்டால் வெயிலோடு சாரலும் நிற்கும்.

சாரலுக்கு அப்பால் வெள்ளம் இருக்கிறது. 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 1966 நவம்பரில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் ஆர்னோ ஆறு கரை மீறியபோது, தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்களில் இருந்த ஏறத்தாழ பத்து லட்சம் நூல்களும் ஆவணங்களும் சேற்றில் ஊறின. அடித்தளத்தில் புத்தகம் வைக்கும் எண்ணத்தை இங்கே அடியோடு விட்டுவிட வேண்டும். தரைத்தளத்தில் நாளிதழ்ப் பகுதியும் கலந்துரையாடல் அறைகளும் இருக்கட்டும். புத்தக அடுக்குகள் முதல் மாடியிலிருந்து தொடங்கட்டும். அவற்றுக்கு நேர் மேலே கழிப்பறையோ தண்ணீர்க் குழாயோ வரக்கூடாது. பகலில் ஏ.சி. ஓடி இரவில் நிற்கும் அறையில் ஈரப்பதம் ஏறி இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து தள்ளி, காற்றுப் புக வழிவிட்டு நிறுத்த வேண்டும்.

மாடிக்கு ஏற்றினால் பாரத்தைக் கணக்கிட வேண்டும். கட்டடச் சுமைகளுக்கான ஐ.எஸ். 875 தரக்குறிப்பு, வீட்டு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, வகுப்பறைக்கு 300 கிலோ என்று கொள்கிறது. 2.2 மீட்டர் உயர அலமாரிகள் நிற்கும் புத்தக அறைக்கோ 600 கிலோ. காலியான வகுப்பறையில் இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்திவிட்டு நூலகம் என்று பலகை மாட்டுவது ஆபத்தான காரியம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ரங்கநாதனின் ஐந்தாம் விதி. எல்லாத் தளங்களையும் தொடக்கத்திலேயே 600 கிலோவுக்குக் கட்டிவிட்டால், பின்னாளில் அலமாரியும் மேசையும் விரும்பியபடி இடம் மாறலாம். இதழ்கள் கணினிக்குப் போய்விட்ட இந்தக் காலத்தில் அலமாரி குறைந்து இருக்கை கூடுவதற்கும் அந்தப் பலம் கைகொடுக்கும்.

இருக்கைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் சமையலுக்கும் நடுவே படித்து வளர்ந்து, செங்கல்பட்டிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் ரயிலேறி வரும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குத் தனி மேசையும் வெளிச்சமும் அமைதியும் கிடைக்கும் ஒரே இடம் கல்லூரி நூலகமாக இருக்கக்கூடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு 1:12 சரிவுள்ள சாய்தளம், ஒவ்வொரு மேசைக்கும் மின்இணைப்பு, பேசிப் படிப்பவர்களுக்குக் கதவடைத்த தனி அறை ஆகியவற்றை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.

கல்லூரி நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். கட்டடக் கலைஞரோடு நடக்கும் முதல் கூட்டத்துக்கே நூலகரையும் சில மாணவர்களையும் அழைத்துவிடுங்கள். எத்தனை பேர் உட்காருவார்கள், எத்தனை மணிவரை இருப்பார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு முகப்பை வரையுங்கள்.

அடுத்த வாரம்: மாணவர் விடுதிகள்.

(தொடரும்)